சிசிலி டைசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு பழைய படம் பார்க்கிறோம். ‘சவுண்டர்’ போட்ட அன்று, படம் முடிந்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. “யாருப்பா இந்த அம்மா?” என்று ஆரம்பித்த கேள்விகள் இன்றுவரை ஓயவில்லை. அவரைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சிசிலி டைசன் யாரு? பேரே கேள்விப்பட்டதில்லையே.

அமெரிக்காவின் கறுப்பின நடிகை. 1924-இல் பிறந்து 2021-இல் தமது 96-ஆம் வயதில் காலமானார். மேடை, தொலைக்காட்சி, சினிமா மூன்றிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் மூன்று, மேடை நாடகத்துக்கான டோனி விருது ஒன்று, ஒரு கௌரவ ஆஸ்கர் பெற்றவர்.

கறுப்பினப் பெண் என்றால் சமையற்கட்டில் நிற்கும் பருத்த அம்மா, இல்லாவிட்டால் தெருமுனையில் நிற்கும் விலைமகள் என்று அமெரிக்கத் திரை பழக்கி வைத்திருந்த காலம் அது. அப்போது வந்த வேடங்களில் பலவற்றை “வேண்டாம்” என்று சொன்னவர் இவர். அப்படிச் சொன்னதால் வேலை இல்லாமலும் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கேட்டால், இவர் நடித்த படங்களைப் போலவே நடிக்காத படங்களும் இவர் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

மைக் டைசனுக்குச் சொந்தமா?

இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதோடு சரி.

‘நீக்ரோ நடிகை’ன்னு பழைய பத்திரிகையில போட்டிருக்கே. அப்படி எழுதலாமா?

வேண்டாம். 1960-கள் வரை அமெரிக்காவிலேயே அது புழக்கத்தில் இருந்த சொல்தான், நம் பத்திரிகைகளும் அப்படியே எடுத்துக்கொண்டன. ஆனால் அந்த மக்களே அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ‘கறுப்பின’ என்றோ ‘ஆப்பிரிக்க அமெரிக்க’ என்றோ எழுதலாம். நான் இங்கே முதல் சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

எங்க பிறந்தாங்க? வசதியான குடும்பமா?

நியூயார்க் நகரம். வளர்ந்தது அங்கே கறுப்பினத்தவர் நிறைய வாழ்ந்த ஹார்லெமின் கிழக்குப் பகுதியில். பெற்றோர் இருவரும் கரீபியக் கடலில் உள்ள நெவிஸ் என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தச்சு வேலையும் பெயின்ட் அடிக்கும் வேலையும் செய்தார். அம்மா பிறர் வீடுகளில் வீட்டு வேலை செய்தார். மூன்று பிள்ளைகளில் சிசிலிதான் கடைக்குட்டி. பெற்றோர் பிரிந்த பிறகு பிள்ளைகளை வளர்த்தது அம்மாதான்.

அம்மா வீட்டு வேலை செய்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்காரி வேடம் பற்றி ஒரு கேள்வி வரும், அங்கே இது தேவைப்படும்.

வீட்டில் பக்தி அதிகம். ஞாயிறு என்றில்லை, வாரத்தில் பல நாள் தேவாலயம்தான். சின்ன வயதில் அங்கே பாடினார், பியானோ வாசித்தார். சினிமா கிடையாது. அது பாவம் என்பது அம்மாவின் முடிவான கருத்து. படமே பார்க்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண் பிற்காலத்தில் என்ன ஆனார் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும்.

அப்புறம் நடிக்க எப்படி வந்தாங்க?

நேராக வரவில்லை. படிப்பு முடிந்ததும் செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஒரு நாள் இருக்கையை விட்டு எழுந்து, காலம் முழுக்க இந்த மெஷினைத் தட்டிக்கொண்டிருக்கவா கடவுள் என்னைப் படைத்தார் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மாடலிங் முதலில் வந்தது. கறுப்பின வாசகர்களுக்காக நடத்தப்பட்ட ‘எபனி’ பத்திரிகையின் கண்ணில் பட்டு, 1950-களில் பெயர் தெரிந்த மாடல் ஆனார். அங்கிருந்து சிறு படங்கள், சிறு நாடகங்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1924 கணக்குப்படி நடிப்புக்கு வரும்போது அவருக்கு முப்பது வயது கடந்துவிட்டது.

ஆளை நகரத்துக்குத் தெரியவைத்தது 1961-இல் வந்த ஒரு நாடகம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜான் ழெனேயின் ‘தி பிளாக்ஸ்’. கறுப்பின நடிகர்கள் வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு வெள்ளையரின் நீதிமன்றத்தை மேடையில் கொண்டுவந்து நிறுத்தும் நாடகம். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு வெளியே, ஒரு சிறிய அரங்கில் 1,408 காட்சிகள் ஓடியது. உடன் நடித்தவர்களில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், லூயிஸ் காசெட், மாயா ஏஞ்சலோ எல்லாம் உண்டு. ஒரே மேடையில் அத்தனை பேர்! யாருமே அன்று பிரபலம் இல்லை.

அம்மா இவங்ககிட்ட பேசாமலே இருந்தாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். நடிக்கப் போகிறேன் என்றதும் “அப்படியானால் இந்த வீட்டில் இடமில்லை” என்று அம்மா சொல்லிவிட்டார். சிசிலி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஏறக்குறைய இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு மனம் இளகி, மகளின் நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்தார்.

அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மேடைக்குப் போன கறுப்பினப் பெண்களுக்கு ஊர் என்ன பெயர் வைத்தது என்று அவருக்குத் தெரியும். மகள் சீரழிந்துவிடுவாளோ என்ற பயம்தான் அது. மகளும் அதை அப்படித்தான் புரிந்துகொண்டார். தாயின் அந்தப் பார்வை கடைசிவரை தம் தோளுக்குப் பின்னாலேயே இருந்தது போலத்தான் வேடங்களைத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குத் தோன்றும்.

டிவியில நடிச்ச முதல் கறுப்பினப் பொண்ணு இவங்கதானே?

இல்லை. இது எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இடம். 1950-இலேயே ‘பியூலா’ என்ற நகைச்சுவைத் தொடரில் எத்தல் வாட்டர்ஸ் முதன்மை வேடத்தில் நடித்தார். ஆனால் அது வெள்ளையர் வீட்டு வேலைக்காரி வேடம். 1968-இல் வந்த ‘ஜூலியா’ தொடரில் டயஹன் கரோல் நர்ஸாக, கதையின் நாயகியாக வந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பே ‘ஸ்டார் டிரெக்’கில் நிஷெல் நிக்கல்ஸ் விண்கல அதிகாரியாக வந்துவிட்டார்.

சிசிலி டைசனின் ‘முதல்’ எது என்றால், கனமான நாடகத் தொடர் ஒன்றில் வாராவாரம் தொடர்ந்து வரும் வேடம் பெற்ற முதல் கறுப்பின நடிகை என்பது. தொடரின் பெயர் ‘ஈஸ்ட் சைட் வெஸ்ட் சைட்’. 1963 முதல் 1964 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. நியூயார்க்கில் வேலை பார்க்கும் ஒரு சமூகப் பணியாளரின் கதை. அந்த வேடத்தில் ஜார்ஜ் சி. ஸ்காட். அதே அலுவலகத்தில் செயலாளர் ஜேன் ஃபாஸ்டராக சிசிலி. பெரிய வேடம் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, படித்த பெண்ணாக, யாருக்கும் குழையாமல் பேசுவார். அன்றைக்கு அதுவே புதுசு.

தொடர் 26 பகுதிகளோடு நின்றுபோனது. ஹார்லெமில் எலி கடித்து ஒரு குழந்தை சாவது பற்றிய ஒரு பகுதியைத் தென் மாநிலங்களில் சில நிலையங்கள் ஒளிபரப்பவே மறுத்தன. இப்படிப்பட்ட விஷயங்களைப் பேசும் தொடருக்கு விளம்பரம் கிடைப்பதும் கஷ்டம்.

தலைமுடியை வெட்டிக்கிட்டதுக்கு இவ்வளவு பெருமை பேசறாங்களே, அதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண் ஒருத்தி வெளியே போக வேண்டுமென்றால் முடியை நெருப்பில் காட்டிய சீப்பால் இழுத்து நேராக்கியிருக்க வேண்டும், அல்லது விக் வைத்திருக்க வேண்டும். சுருள் முடி சுருளாகவே இருந்தால் ‘சீவாத தலை’ என்று சொந்தக்காரர்களே முகம் சுளிப்பார்கள்.

1959-இல் ஒரு நேரலை நாடகத்தில் ஆப்பிரிக்கப் பெண் வேடம் வந்தது. ஒத்திகையின்போது நேராக்கிய முடியோடுதான் இருந்தார். அந்தப் பெண் இப்படியா இருப்பாள் என்று யோசித்தவர், ஒளிபரப்புக்கு முன்னால் ஹார்லெமில் ஆண்கள் முடி வெட்டிக்கொள்ளும் சலூனுக்குப் போய், ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று சொன்னார். வெட்டியதும் தலையைக் கழுவி, முடியை அதன் சுருளிலேயே விட்டுவிட்டார். படப்பிடிப்புத் தளத்துக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு போய், அங்கேதான் அவிழ்த்தார்.

மேலே சொன்ன தொடரிலும் அதே தலையோடு வாராவாரம் வீடுகளுக்குள் வந்தார். சிகை அலங்காரம் செய்பவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தனவாம். உங்களைப் பார்த்து எங்கள் வாடிக்கையாளர்கள் முடியை வெட்டிக்கொள்கிறார்கள், எங்கள் பிழைப்பு போகிறது என்று. ‘கறுப்பு அழகு’ என்ற முழக்கம் ஊரெங்கும் கேட்க ஆரம்பித்தது அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான்.

‘சவுண்டர்’ நாய்ப் படமா? குழந்தைகளோட பார்க்கலாமா?

சவுண்டர் என்பது நாயின் பெயர்தான். ஆனால் படம் நாயைப் பற்றியது அல்ல. 1933, பொருளாதார வீழ்ச்சிக் காலம், லூசியானா மாநிலம். அடுத்தவன் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிடும் ஒரு கறுப்பினக் குடும்பம். பசி தாங்காமல் அப்பா நேதன் கொஞ்சம் இறைச்சியைத் திருடிவிடுகிறான். அதற்குக் கடுங்காவல் முகாம். அம்மா ரெபெக்காவும் பிள்ளைகளும் நிலத்தைத் தாங்களே உழுது அறுவடை முடிக்கிறார்கள். குழந்தைகளோடு தாராளமாகப் பார்க்கலாம்.

வில்லியம் ஆம்ஸ்ட்ராங் எழுதிய நாவலில் நாய்க்கு மட்டும்தான் பெயர் உண்டு. மனிதர்கள் எல்லாம் அப்பா, அம்மா, பையன். படத்தில்தான் அவர்களுக்குப் பெயர் வந்தது. திரைக்கதை எழுதிய லோன் எல்டர் கறுப்பினத்தவர். அந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சிசிலிக்கு முதலில் வந்தது டீச்சர் வேடம். எனக்கு ரெபெக்காதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நீ இதற்கு அழகாக இருக்கிறாய், சின்னப் பெண்ணாகத் தெரிகிறாய் என்று இயக்குநர் மார்ட்டின் ரிட் தயங்கினார். கடைசியில் பிடிவாதம் ஜெயித்தது.

படத்தில் ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். பல மாதம் கழித்து, நாய் குரைக்கிறது. ரெபெக்கா தலையை நிமிர்த்துகிறார். தூரத்தில் மண்சாலையில் ஓர் உருவம் நொண்டிக்கொண்டு வருகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். யார் என்று புரிந்த அந்த நொடியில் ஓட ஆரம்பிக்கிறார். சினிமாவில் பெண்கள் ஓடும் ஓட்டம் இல்லை அது. கைகள் முன்னால் நீண்டு, கால் தடுமாறி, உடம்பு கால்களை முந்திக்கொண்டு போகிற ஓட்டம். வசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கேமரா கிட்டே போய் அழுகையைக் காட்டவும் இல்லை. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் மௌனமானது அந்த இடத்தில்தான்.

அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைச்சதா?

கிடைக்கவில்லை. சிறந்த நடிகைக்கான பரிந்துரையில் இருந்தார். அதே வருடம் அதே பிரிவில் டயானா ராஸும் இருந்தார். ஒரே ஆண்டில் இரண்டு கறுப்பின நடிகைகள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுதான் முதல் தடவை. அவர்களுக்கு முன்னால் அந்தப் பிரிவில் பெயர் வந்த ஒரே கறுப்பின நடிகை டோரதி டான்ட்ரிட்ஜ், அதுவும் 1954-இல் வந்த படத்துக்கு. விருது ‘கேபரே’ படத்துக்காக லைசா மினெல்லிக்குப் போனது.

இங்கே இன்னொரு குழப்பமும் வரும். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹேட்டி மெக்டேனியல், 1940-இல். அது துணை நடிகை விருது. சிறந்த நடிகை விருது ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்க 2002 வரை, ஹாலி பெரி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிசிலி டைசனுக்கு 2018-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அப்போது 94 வயதாக ஒரு மாதம்தான் பாக்கி.

மிஸ் ஜேன் பிட்மன்னு நிஜமாவே ஒரு பாட்டி இருந்தாங்களா? ‘சுயசரிதை’ன்னு போட்டிருக்கே.

இல்லை, கற்பனைப் பாத்திரம். எர்னஸ்ட் கெய்ன்ஸ் 1971-இல் எழுதிய நாவல் அது. தலைப்பிலேயே சுயசரிதை என்று இருப்பதால் நிஜ மனிதர் என்று அமெரிக்காவிலேயே ஏராளமானோர் நம்பினார்கள். கெய்ன்ஸ் லூசியானாவின் ஒரு பண்ணைக் குடியிருப்பில் பிறந்தவர். அவரை வளர்த்த பெரிய அத்தைக்கு வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாது. தரையில் தவழ்ந்தே சமைத்து, துவைத்து, பிள்ளைகளை வளர்த்தவர். நாவலின் காணிக்கையில் அவர் பெயரும் உண்டு. அந்த வகையில் ஜேன் பிட்மனுக்குப் பின்னால் ஒரு நிஜப் பெண்மணி இருக்கிறார்.

தொலைக்காட்சிப் படமாக 1974 ஜனவரி 31 அன்று சிபிஎஸ்-இல் ஒளிபரப்பானது. அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போர், விடுதலை என்று எல்லாவற்றையும் பார்த்து, 1962-இல் சம உரிமைப் போராட்டம் வரை வாழும் 110 வயதுக் கிழவி. இருபதுகளில் இருக்கும் பெண்ணையும் 110 வயதுப் பாட்டியையும் ஒருவரே நடித்திருக்கிறார். ஸ்டான் வின்ஸ்டன், ரிக் பேக்கர் இருவரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து போட்ட ஒப்பனை அது. ஆனால் ஒப்பனையால் குரலைக் கிழமாக்க முடியாது, கையை நடுங்கவைக்க முடியாது. முதியோர் இல்லங்களுக்குப் போய் பாட்டிகளோடு உட்கார்ந்து, எப்படி எழுகிறார்கள், எப்படி மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்.

அந்தத் தண்ணிக் குழாய் காட்சி பத்தி எல்லாரும் சொல்றாங்க. அப்படி என்ன அதுல?

நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு குடிநீர்க் குழாய். மேலே ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகை. 110 வயது ஜேன் வண்டியிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றி, அந்தக் குழாயை நோக்கி நடக்கிறார். காவலர்களும் வெள்ளையர்களும் நின்று பார்க்கிறார்கள். அவர் அவசரப்படவே இல்லை. தடி, ஒரு அடி. தடி, இன்னொரு அடி. குழாயை அடைந்து, குனிந்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார். திரும்பி வந்த வழியே நடக்கிறார். அவ்வளவுதான் காட்சி.

நடை எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு நேரமும் பார்க்கிறவர்களுக்கு மூச்சு நிற்கும். யாராவது கை வைத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு அடிக்கும் தோன்றும்.

நாவலில் இந்தக் காட்சி கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. ஜேன் ஊருக்குக் கிளம்பும் இடத்திலேயே நாவல் முடிந்துவிடும். குழாய் படத்துக்காகச் சேர்த்தது. இன்னொரு மாற்றமும் உண்டு. நாவலில் பாட்டியிடம் கதை கேட்பவர் கறுப்பின வரலாற்று ஆசிரியர், படத்தில் அவர் வெள்ளைப் பத்திரிகையாளராகிவிட்டார். முதல் மாற்றத்துக்கு நான் கைதட்டுவேன். இரண்டாவது தேவையே இல்லாதது.

அந்த வருட எம்மியில் இந்த ஒரு படத்துக்கு ஒன்பது விருதுகள். அதில் இரண்டு சிசிலிக்கு. முதன்மை நடிகைக்கான எம்மியை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

இவ்வளவு திறமைன்னா ஏன் படங்கள் இவ்வளவு கம்மி?

ஆரம்பத்தில் சொன்ன “வேண்டாம்”தான் காரணம். 1970-களின் தொடக்கத்தில் கறுப்பின ரசிகர்களைக் குறிவைத்து மலிவான அடிதடிப் படங்கள் வரிசையாக வந்தன. பணம் கொட்டியது. நிறைய கறுப்பின நடிகர்களுக்கு முதல்முறையாக நல்ல சம்பளம் கிடைத்தது. சிசிலி அந்தப் பக்கமே போகவில்லை. விலைமகள், போதைக்கு அடிமையானவள், முகமில்லாத வேலைக்காரி, இந்த மூன்றையும்தான் எங்களுக்குத் தருகிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். 1968-இல் நடித்த படத்துக்குப் பிறகு பெரிய திரையில் அடுத்த முக்கியமான வேடம் 1972-இல் வந்த ‘சவுண்டர்’தான்.

அந்தப் படத்தின் விளம்பரத்துக்குப் போன இடத்தில் ஒரு வெள்ளை நிருபர் எழுந்து சொன்னதை அவர் பல தடவை நினைவுகூர்ந்திருக்கிறார். என்னிடம் நிறவெறி இருப்பதாக நான் நினைத்ததே இல்லை. ஆனால் படத்தில் அந்தப் பையன் தன் தகப்பனை, என் மகன் என்னைக் கூப்பிடுவது போலவே ‘டாடி’ என்று கூப்பிட்டதும் எனக்கு ஏதோ உறுத்தியது என்றார் அவர். சொன்னவர் நேர்மையாகத்தான் சொன்னார். கேட்ட சிசிலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கறுப்பினக் குழந்தை அப்பாவை அப்பா என்று கூப்பிடுவதே ஆச்சரியம் என்றால், நாம் நடிப்பது வெறும் பிழைப்புக்காக இருக்க முடியாது என்று அன்று தீர்மானித்தாராம்.

அதன்பிறகு எடுத்த வேடங்களைப் பாருங்கள். அடிமைகளைத் தப்பிக்கவைத்த ஹேரியட் டப்மன், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா கிங், சிகாகோவில் தம் சொந்த முயற்சியில் பள்ளி தொடங்கிய ஆசிரியை மார்வா காலின்ஸ். ‘கிங்’ தொடரில் மார்ட்டின் லூதர் கிங்காக நடித்தவர் பால் வின்ஃபீல்ட். ‘சவுண்டர்’ படத்தின் நேதன்!

அப்படின்னா ‘தி ஹெல்ப்’ல வேலைக்காரியா நடிச்சது மட்டும் எப்படி? கொள்கை என்ன ஆச்சு?

நியாயமான கேள்வி. நானும் கொஞ்ச நாள் குழம்பினேன். 1991-இல் ‘ஃபிரைடு கிரீன் டொமேட்டோஸ்’ படத்தில் சமையல்காரி சிப்சி. 1994-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் அடிமையாக இருந்த காஸ்டேலியா, அதற்குத்தான் மூன்றாவது எம்மி. 2011-இல் ‘தி ஹெல்ப்’ படத்தில் வேலைக்காரி கான்ஸ்டன்டைன்.

அவர் அம்மாவே வீட்டு வேலை செய்தவர் என்று மேலே எழுதியிருந்தேன். அந்த வேலையை அவர் ஒருநாளும் கேவலமாக நினைத்ததில்லை. அந்த வேலை செய்கிறவளுக்கு ஒரு மனசு, ஒரு வீடு, ஒரு கோபம் இருக்கிறது என்பதே தெரியாமல் எழுதப்பட்ட வேடங்களைத்தான் மறுத்தார். சிப்சிக்கு அந்தப் படத்தில் என்ன பங்கு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். கான்ஸ்டன்டைன் சில நிமிடங்கள்தான் வருவார். வீட்டைவிட்டு அனுப்பப்படும்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் முகத்தை மறக்க முடியாது.

ஆனால் ‘தி ஹெல்ப்’ வேலைக்காரிகளின் கதையை வெள்ளைப் பெண் வழியாகவே சொல்கிறது என்ற விமர்சனத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அதில் முக்கிய வேடத்தில் நடித்த வயோலா டேவிஸே பிற்பாடு அந்தப் படம் பற்றி வருத்தம் தெரிவித்தார். சிசிலியின் நடிப்பு அந்தப் படத்தைவிடப் பெரியது என்பேன்.

‘ரூட்ஸ்’ல இருக்காங்கன்னு சொன்னாங்க. நான் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியலையே?

முதல் பகுதியில் மட்டும் வருவார். நம்மிடம் ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் வந்த அலெக்ஸ் ஹேலியின் புத்தகம்தான் 1977-இல் ‘ரூட்ஸ்’ தொடர் ஆனது. அதில் குண்டா கின்டேயின் அம்மா பின்டா இவர்தான். பாட்டியாக வருபவர் மாயா ஏஞ்சலோ. காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்தில் பிள்ளை பெறும் காட்சியோடுதான் தொடரே தொடங்குகிறது. அடுத்த தடவை அங்கே கவனியுங்கள்.

மைல்ஸ் டேவிஸ் மனைவியா இவங்க?

ஆமாம். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸும் இவரும் 1960-களிலேயே நெருங்கிப் பழகினார்கள். 1967-இல் வந்த அவருடைய ‘சோர்சரர்’ இசைத்தட்டின் அட்டையில் பக்கவாட்டில் தெரியும் முகம் சிசிலியுடையது. பிறகு பிரிந்து, மறுபடி சேர்ந்து, 1981-இல் திருமணம் செய்துகொண்டார்கள். போதையிலும் நோயிலும் விழுந்து கிடந்த அவரை எழுப்பி நிறுத்தியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. மண வாழ்க்கை இனிக்கவில்லை. 1989-இல் விவாகரத்து.

பிறந்தது 1924-ஆ, 1933-ஆ? ரெண்டு விதமா போட்டிருக்கே.

1924 டிசம்பர் 19. பழைய குறிப்புகளில் 1933 என்று இருக்கும். முப்பது கடந்த கறுப்பினப் பெண்ணுக்கு யார் வாய்ப்புத் தருவார்கள் என்று, தொழிலுக்கு வந்த புதிதில் வயதைக் குறைத்துச் சொல்லும்படி ஆலோசனை வந்தது. அது அப்படியே பல பத்தாண்டுகள் அச்சில் நின்றுவிட்டது.

மறைத்த இன்னொரு விஷயமும் உண்டு. பதினேழு வயதில் கருவுற்று, பதினெட்டில் அவசரமாகக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர் அவர். அந்த மண வாழ்வு நிலைக்கவில்லை. ஒரு பெண் குழந்தை. தட்டச்சு வேலைக்குப் போனபோதே அவர் ஒரு தாய். மகளை ஊர் வாயிலிருந்து காப்பாற்ற பல பத்தாண்டுகள் அதைப் பொதுவில் பேசவில்லை. கடைசியில் எழுதிய சுயசரிதையில்தான் சொன்னார், அங்கும் மகளின் அடையாளத்தைக் காத்தே எழுதினார்.

88 வயசுல டோனி விருது வாங்கினாங்களாமே? ஏதாவது வாழ்நாள் சாதனை விருதா?

இல்லை, போட்டியில் ஜெயித்த சிறந்த நடிகை விருது. 2013. நாடகம் ஹார்ட்டன் ஃபூட் எழுதிய ‘தி டிரிப் டு பவுன்டிஃபுல்’. மகன், மருமகளோடு நகரத்துச் சின்ன வீட்டில் முடங்கிக் கிடக்கும் ஒரு முதியவள், சாவதற்குள் தன் சொந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிவிடுகிறாள். 1985-இல் இதைப் படமாகப் பார்த்த சிசிலி, இப்படி ஒரு வேடம் வாங்கிக் கொடுங்கள், அதோடு ஓய்வெடுத்துக்கொள்கிறேன் என்று தம் ஏஜென்டிடம் சொல்லியிருந்தார். கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பிராட்வே மேடையில் அவர் கால் வைத்தே முப்பது வருடம் ஆகியிருந்தது.

அந்த நாடகத்தில் பஸ் நிலையத்தில் அந்த அம்மாள் ஒரு பழைய தேவாலயப் பாட்டை முணுமுணுப்பார். நாடகம் நடந்த இரவுகளில் அரங்கில் இருந்தவர்கள் தாங்களாகவே சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். பிராட்வேயில் இது வழக்கமே இல்லை. சிறுமியாகத் தேவாலயத்தில் பாடியவர் எண்பத்தெட்டு வயதில் மேடையில் நிற்க, முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டமே அவரோடு பாடியது.

ஓய்வு? எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, ‘தி பிளாக்ஸ்’ காலத்துத் தோழர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸோடு மறுபடி பிராட்வே ஏறினார். ‘ஹவ் டு கெட் அவே வித் மர்டர்’ தொடரில் வயோலா டேவிஸின் அம்மாவாக வந்து, தொண்ணூறு வயதுக்கு மேலும் எம்மி பரிந்துரைகள் வாங்கிக்கொண்டிருந்தார். 2016-இல் அதிபர் ஒபாமா கையால் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதும் கிடைத்தது.

இப்ப ஆரம்பிச்சா எதை முதல்ல பார்க்கணும்?

‘சவுண்டர்’. அடுத்து ‘ஜேன் பிட்மன்’. இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்காதீர்கள், நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அப்புறம் ‘ஹவ் டு கெட் அவே வித் மர்டர்’ முதல் பருவத்தில் அம்மா வரும் பகுதி. பெரிய வக்கீலாக இருக்கும் மகளைத் தரையில் உட்காரவைத்து, பின்னால் அமர்ந்து தலை வாரிவிடுவார். 1959-இல் சலூனுக்குப் போனவர் அதே கைகளால் தொண்ணூறு வயதில் இன்னொரு கறுப்பினப் பெண்ணின் சுருள் முடியில் சீப்பை ஓட்டுகிறார்.

எப்ப இறந்தாங்க? கடைசியா என்ன செஞ்சாங்க?

சுயசரிதை 2021 ஜனவரி 26 அன்று வெளிவந்தது. புத்தகத்துக்காகப் பேட்டிகளும் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, 28-ஆம் தேதி, காலமானார். கொரோனா காலமாக இருந்தும், பிப்ரவரிக் குளிரில் ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு வெளியே அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க மக்கள் முகக்கவசத்தோடு வரிசையில் நின்றார்கள். ‘ஜேன் பிட்மன்’ படத்தைச் சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்த தலைமுறைக்கும் அப்போது தலை நரைத்திருந்தது.